சோளக் கலப்பினமும் நைதரசன் பசளையும்

நெல்லையும் குரக்கனையும் அறிந்த அளவுக்குச் சோளத்தை நம்மவர் அறிந்திலர். ஈண்டுச் சோளம் என யாம் குறிப்பது இறுங்கை அன்று. தமிழகத்தார் மக்காச்சோளம் என வழங்கும் தானியத்தையே. மெக்சிக்கோ நாட்டில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் காட்டுப் புல் ஒன்றிலிருந்து மக்கள் பேணி வளர்த்தெடுத்த இப்பயிர், இன்று உலகில் நெல்லினும் கோதுமையினும் மிகுதியாக விளைவிக்கப்படுகின்றது. இலங்கையில் அது கோழித் தீனியாகவும் குழந்தைகளுக்குரிய திரிபோஷா மாவாகவும் பயன்படுகின்றது. இதன் விளைவைப் பெருக்க முயன்ற அறிஞர் கண்ட உண்மையொன்று பிற பயிர்களுக்கும் பொருந்துமாகலின், அதனை இம்மலரில் விளக்க விரும்புகின்றோம்.

சோளச் செடியின் உச்சியில் ஆண்பூக் கொத்தும், தண்டின் நடுவே பெண்பூக்களைத் தாங்கிய கதிரும் தோன்றும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டுப்போன்ற இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. இழையில் மகரந்தம் விழுந்தாலன்றி அம்மணி உருவாகாது. ஆணும் பெண்ணும் வெவ்வேறிடத்தில் இருத்தலின், ஒரு செடியின் ஆண்பூவைக் கிள்ளி நீக்கிவிட்டு, நாம் விரும்பும் பிறிதொரு செடியோடு அதனைக் கலத்தல் எளிது.

அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஷல் என்பார், சோளத்தைப் பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளச் செய்தார். செடிகள் குறுகி மெலிந்தன. ஆயின் அவ்வாறு மெலிந்த இரு வழிகளைத் தம்முள் கலந்தபோது, பிறந்த செடிகள் பெற்றோர் இரண்டையும் விஞ்சி ஓங்கின. இச்செய்தியை அவர் 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதனையே கலப்பு வீரியம் என்பர். மெலிந்த தாய்ச்செடி தரும் விதை சிலவாகலின் அதன் விலை மிகுதியாயிற்று. இரு கலப்பினங்களை மீண்டும் தம்முள் கலத்தலால் விதையைப் பெருக்கலாம் என டொனால்ட் ஜோன்ஸ் காட்டியபின் அத்தடை நீங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டளவில் ஏக்கருக்கு ஏறத்தாழ 25 புசலாக இருந்த சராசரி விளைவு, இந்நாளில் 170 புசலைக் கடந்து நிற்கின்றது.

இப்பெருக்கம் விதையால் மாத்திரம் விளைந்ததன்று. வளியிலுள்ள நைதரசனை அமோனியாவாக மாற்றும் முறையை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதனைத் தொழிற்சாலை முறையாக்க, 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நைதரசன் பசளை மலிந்தது. விதை வளர்ப்போர் தம் சோதனைப் பாத்திகளுக்கு அதனைத் தாராளமாக இட்டு, அங்கு மிகுதியாக விளைந்த கலப்பினங்களைத் தெரிந்தெடுத்தனர்.

இங்குதான் ஒரு வினா எழுகின்றது. பசளை மிக்க பாத்தியில் முதலிடம் பெற்ற விதை, பசளையற்ற வயலிலும் முதலிடம் பெறுமா? உதாரணமாக, முழுப் பசளை இட்டவிடத்து முதற் கலப்பினம் ஹெக்டேயருக்கு 8 தொன்னும் இரண்டாவது 7 தொன்னும் தருகின்றன எனக் கொள்வோம். பசளையின்றி விளைவித்தவிடத்து முன்னது 2 தொன்னும் பின்னது 2.6 தொன்னும் தரலாம். வளமான பாத்தியை மாத்திரம் நோக்குபவர் இரண்டாவதைத் தள்ளிவிடுவார். பசளை வாங்க இயலாத உழவனுக்கோ அத்தள்ளிய விதையே உதவியிருக்கும்.

இதனை அறிஞர் அறியாதிருந்தனர் அல்லர். வறிய நிலத்தில் சோதனை செய்தலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அங்கு மண்ணின் வளம் அடிக்கு அடி வேறுபடும், விளைவும் சிறிது. ஆகவே ஒரு செடி நன்கு விளைந்தது பரம்பரைப் பண்பாலா, காலடி மண்ணாலா எனப் பிரித்தறிதல் கடினம். இதனாற் பலர் வளமான பாத்தியையே நம்பினர்.

மெக்சிக்கோவிலுள்ள சர்வதேச சோளம், கோதுமை மேம்பாட்டு நிலையத்தார் இவ்வினாவை நேரே ஆராய்ந்தனர். 1986 முதல் 1995 வரை நடத்திய 14 சோதனைகளில், ஒரே வகைகளை நைதரசன் இடாத பாத்தியிலும், ஹெக்டேயருக்கு 200 கிலோகிராம் இட்ட பாத்தியிலும் பயிரிட்டு ஒப்பிட்டனர். 1997இல் வெளியான முடிவு இது: நைதரசன் குறைவினால் விளைவு நூற்றுக்கு ஏறத்தாழ 43 வீதத்துக்கு மேல் வீழுமிடங்களுக்குரிய விதையை, அத்தகைய வறிய பாத்தியிலேயே தெரிதல் மேலானது. வீழ்ச்சி சிறிதாயின் வளமான பாத்தியின் தீர்ப்பே போதும்.

வறிய பாத்தியில் எதனை நோக்குவது? நைதரசன் குறையுமிடத்து அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளிக்கும். செடி பழைய இலையிலுள்ள நைதரசனை எடுத்துப் புதியவற்றுக்கு அனுப்புதலே அதன் காரணம். கதிரின் இழைகளும் காலந்தாழ்த்து வெளிவரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து முடிந்துவிடுமாயின் கதிர் மணியின்றிப் பொக்காகும். எனவே, மகரந்தம் உதிர்தற்கும் இழை தோன்றுதற்கும் இடைப்பட்ட நாள்கள் குறைந்தனவும், இலை நெடுநாள் பசுமை மாறாதனவும், செடிதோறும் கதிர் தவறாது ஈனுவனவும் ஆகிய வழிகளைத் தெரிகின்றனர். விளைவை நிறுத்தறிவதோடு இவற்றையும் எண்ணிப் பதிதலால், மேற்கூறிய இடர்ப்பாடு ஓரளவு நீங்குகின்றது.

நைதரசனை நன்கு பயன்படுத்தல் என்பதிலும் இரு கூறுகள் உள. மண்ணிலுள்ளதை வேர் மிகுதியாக உறிஞ்சுதல் ஒன்று. உறிஞ்சியதைக் கொண்டு மணியை மிகுதியாக ஆக்குதல் மற்றொன்று. நோத் கரோலினாவில் மோல், கம்பிராத், ஜாக்சன் என்போர் எட்டுக் கலப்பினங்களை ஆராய்ந்து 1982இல் ஒரு முடிவு கூறினர். நைதரசன் மிக்கவிடத்துக் கலப்பினங்களிடையே வேறுபாட்டைத் தந்தது உறிஞ்சும் ஆற்றல். குறைந்தவிடத்து வேறுபாட்டைத் தந்தது உறிஞ்சியதைப் பயன்படுத்தும் ஆற்றல். ஈரிடத்தும் வெற்றிக்குரிய பண்பு ஒன்றன்று என்பது இதனாற் புலனாகும்.

வளமான பாத்தியில் நிகழ்ந்த தெரிவு வீணாயிற்று எனவும் கூறல் பொருந்தாது. 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 1930ஆம் ஆண்டுக் காலந்தொட்டுத் தோன்றிய வகைகளை ஒருங்கே பயிரிட்டபோது, வளங்குறைந்த மண்ணிலும் புதியனவே பழையனவற்றை வென்றன. ஆயின் வளமிக்க மண்ணிற் கண்ட முன்னேற்றத்தினும் அது சிறிதாயிருந்தது. வறியவனுக்கும் பங்கு கிடைத்தது. குறைந்த பங்கே கிடைத்தது. 2010இல் கென்ய, தென்னாபிரிக்க நிலையங்களோடு கூடி, ஆபிரிக்க மண்ணுக்கேற்ற சோளத்தை ஆக்கும் திட்டம் தொடங்கியமை இக்குறையை நிரப்புதற் பொருட்டேயாம்.

விதையால் ஆகாதனவும் உள. ஒரு தொன் சோள மணியோடு ஏறத்தாழ 12 முதல் 15 கிலோகிராம் நைதரசன் வயலை விட்டு நீங்குகின்றது. எத்துணைச் சிறந்த விதையும் இல்லாததைப் படைக்காது. எருவோ, பயறு உழுந்து முதலியவற்றின் சுழற்சியோ, பசளையோ அதனை ஈடு செய்தல் வேண்டும். அன்றியும், கலப்பினத்தின் மணியை மறுபோகத்துக்கு விதைப்பின் வீரியம் குன்றும். உழவன் போகந்தோறும் விதையை விலைகொடுத்தே பெறல் வேண்டும்.

இவை நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. 2021ஆம் ஆண்டு மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அக்காலபோகத்தில் நெல்லும் சோளமும் பெருவீழ்ச்சி கண்டன. முழுப் பசளையை எதிர்நோக்கித் தெரிந்த விதைகள் திடீரெனப் பசியோடு நிறுத்தப்பட்டன. மறுபுறம் யாழ்ப்பாணக் குடாநாட்டில், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவின்றி இட்ட பசளை சுண்ணாம்புக் கல்லினூடே வடிந்து கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைவும் கேடு, மிகையும் கேடு.

இந்நாட்டில் விதைக்கும் கலப்பினச் சோள விதையின் பெரும்பகுதி பல்லாண்டுகளாகப் பிறநாடுகளிலிருந்தே வந்துள்ளது. அவ்விதைப் பொதியைக் கையிலெடுக்கும்போது, இது ஏக்கருக்கு எத்துணை தரும் என்பதோடு, எத்துணைப் பசளை இட்ட பாத்தியில் அவ்வளவு தந்தது என்றும் வினவுதல் வேண்டும். எமது கல்லூரியின் விஞ்ஞான மாணவருள் விவசாயம் பயிலச் செல்வோர் சிலராவது இருப்பர். அவர்கள் தம் சோதனைப் பாத்தி இரண்டாக வகுக்கப்படுமாறு பார்த்துக்கொள்வாராக. ஒன்று பசளை நிறைந்தது, மற்றொன்று வறிய உழவனின் வயலை ஒத்தது. இரண்டாம் பாத்தியில் விளைந்ததையும் நிறுத்து எழுதிய பின்னரே எந்த விதையையும் நல்விதை என அவர்கள் கூறுவார்களாக.