இரண்டாவது வழியும் அடைத்த கதவும்

இருகூரிலிருந்து போத்தனூருக்கு வர ரயிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. நேராகவும் வரலாம், பீளமேடு, கோவை சந்திப்பு என்று சுற்றியும் வரலாம். ஒன்றில் தண்டவாள வேலை நடந்தால் மற்றதில் வண்டியை விடலாம். ஆனால் எந்த வழியானாலும், பொதுவாக அடுத்த நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' என்ற அனுமதி கிடைக்காமல் வண்டி புறப்படாது. அதைக் கேட்டு வாங்க உதவும் பிளாக் கருவிகளையும் ரிலேக்களையும் செய்த பணிமனை, 1862-லேயே ரயில் வந்துவிட்ட இந்தப் போத்தனூரில்தான் இருக்கிறது.

கணினி வலையமைப்புக்கும் இதே தேவை உண்டு. ஒரு மருத்துவமனையையோ நூற்பாலையையோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணினிகளின் வயர்களும் சுவிட்ச் என்ற பெட்டியில் வந்து சேர்கின்றன. அது பழுதானால் பில் போடுவதிலிருந்து எல்லாம் நின்றுவிடும். அதனால் மையத்தில் இரண்டு சுவிட்சுகளை வைத்து, ஒவ்வொரு மாடியிலிருந்தும் இரண்டுக்கும் தனித்தனி வயர் இழுப்பார்கள்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 'இந்த முகவரி யாருடையது?' என்று ஒரு கணினி பொதுவாகக் கேட்டால், சுவிட்ச் அந்தக் கேள்வியை, அது வந்த வாய் (போர்ட்) தவிர மற்ற எல்லா வாய்களிலும் அனுப்பும். இரண்டு வயர்கள் இருப்பதால் வழி வட்டமாகிவிட்டால் அது சுற்றி வந்து மறுபடி பரவும். இத்தனை முறைதான் சுற்றலாம் என்ற கணக்கு ஈதர்நெட்டில் கிடையாது. மேசைக்கடியில் கிடக்கும் ஒரு வயரின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகினாலே போதும். தடுப்பு ஏதும் இல்லையென்றால், சில நொடிகளில் பச்சை விளக்குகள் அனைத்தும் ஒன்றாகப் படபடக்கும். அதன்பின் யாருக்கும் எதுவும் திறக்காது.

இதற்குத் தீர்வு கண்டவர் ரேடியா பெர்ல்மன். 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது 'ஸ்பானிங் ட்ரீ' முறையை வகுத்தார். சுவிட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்கும். தலைவனுக்குப் போக ஆளுக்கு ஒரு வழியை வைத்துக்கொண்டு, வட்டம் உண்டாக்கும் மற்ற வழிகளை அடைத்துவிடும். ஓடும் வழி அறுந்தால் அடைத்தது திறக்கும். முதலில் இதற்கு 30 முதல் 50 நொடிகள் ஆயின. 2001-ல் வந்த விரைவு வடிவத்தில் பெரும்பாலும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடுகிறது.

தேர்தலில் மிகச் சிறிய எண் கொண்ட சுவிட்ச்தான் தலைவன். எல்லாச் சுவிட்சிலும் வழக்கமாக இருக்கும் முன்னுரிமை எண் 32768. அதை மாற்றாமல் விட்டால் வன்பொருள் முகவரி சிறியதாக உள்ள பெட்டி ஜெயிக்கும். அது மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாகவும் இருக்கலாம். எனவே முதல் மையச் சுவிட்சுக்கு 4096, இரண்டாவதற்கு 8192 என்று நாமே கொடுத்துவிட வேண்டும். வயர்களும் வெவ்வேறு பாதையில் போக வேண்டும். ஒரே குழியில் புதைத்தால் ஜேசிபி ஒரே வாரலில் இரண்டையும் அறுத்துவிடும்.

அடுத்தது, சேர்ந்திருப்பவர்களைப் பிரித்து வைப்பது. ஒரே வணிக வளாகத்தில் இருபது வாடகைதாரர்கள் ஒரே இணையத்தைப் பகிர்கிறார்கள். ஒருவர் கணினி மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஆளுக்கொரு விலான், அதாவது சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு, கொடுத்தால் இருபது முகவரித் தொகுப்புகளைப் பராமரிக்க வேண்டும். பிரைவேட் விலான், ஒரு முதன்மை விலானுக்குள் துணை விலான்களாகப் பிரித்து, இதை ஒரே தொகுப்பில் முடிக்கிறது.

நம் ஊர் லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பவுண்டு, பொது கேட், வரிசையாக வீடுகள். சுவிட்சின் தனித்த வாயில் இணைந்திருப்பவர் கேட்டுக்கு மட்டுமே போக முடியும்; பக்கத்து வீட்டுக்குக் கதவில்லை. குழு வாயில் இருப்பவர்கள், நடுக்கதவு வைத்துக்கொண்ட அண்ணன் தம்பி வீடுகளைப் போலத் தமக்குள் பேசலாம். பொது வாய்தான் கேட். இணையத்துக்குப் போகும் ரௌட்டரை அங்கே இணைப்பார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: பக்கத்து வீட்டு முகவரியிட்ட தகவலை ஒருவர் ரௌட்டரிடம் கொடுத்தால், அது திருப்பி உள்ளே அனுப்பிவிடலாம். அதைத் தடுக்கும் விதியை ரௌட்டரில் தனியாக எழுத வேண்டும்.

இரண்டு வேலைகளும் சந்திக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் சுவிட்சில் எழுதிய முதன்மை, துணை விலான்கள் அனைத்தும் இரண்டாவதிலும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் வயரிலும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும். முதல் சுவிட்ச் நிற்கும் நாளில்தான் பாதிப் பேருக்கு இணைப்பு இல்லை என்பது வெளிப்படும்.

ஆகவே, இரண்டாவது சுவிட்ச் வாங்கியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். இணையம் தொடர்கிறதா, பக்கத்து வாடகைதாரரின் கணினி அப்போதும் மறைந்தே இருக்கிறதா என்று இரண்டையும் சோதியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்த பிறகுதான் அதை மாற்று வழி என்று நம்பலாம்.