உணவகத் தட்டில் காட்டுப் பறவை

காட்டுப் பறவைகளைச் சுடுவதற்குப் பல நாடுகளில் ஆண்டின் சில மாதங்களையே சட்டம் ஒதுக்கியுள்ளது. அவை கூடுகட்டிக் குஞ்சு பொரித்து வளர்க்கும் மாதங்களில் வேட்டைக்குத் தடை. இதன் நியாயத்தை விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. அடுத்த போகத்துக்கான விதைநெல்லில் யாரும் கைவைப்பதில்லை. இடம்பெயர்ந்த நாட்களில் அதையும் குற்றி உலையிலிட நேர்ந்த குடும்பங்கள் நம் மத்தியில் உண்டு. அது பசியின் கட்டாயம். நாம் இங்கு பேசுவது வேறொன்று: தடைக் காலத்திலும் காட்டுப் பறவை மேசைக்கு வரவேண்டும் என்ற, பணம் படைத்தோரின் ஆசை.

இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வட அமெரிக்கா கண்டது. அங்கே பயணப் புறா என்றோர் இனம் வானத்தை மறைக்கும் கூட்டங்களாகப் பறந்தது. ஆனால் ஒரு கூட்டில் ஒரு முட்டைதான் இடும். புறாக்கள் கூடுகட்டும் இடம் தந்தி மூலம் தெரியவந்ததும் வேட்டைக்காரர் புகையிரதத்தில் வந்து இறங்கினர். தாய்ப்பறவைகளும் குஞ்சுகளும் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு நகரச் சந்தைகளுக்கும் உணவகங்களுக்கும் போயின. 1878இல் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோஸ்கியில் இவ்வாறு பெரும் அழிப்பு நடந்தது. இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டெம்பர் 1ஆம் திகதி சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது.

வேட்டைக்காரனைப் பிடித்தால் போதாதா? காடு பெரிது, காவலர் சிலர். நகரத்து வியாபாரியைப் பிடித்தாலோ, “இது போன பருவத்தில் சுட்டது, பனிக்கட்டியில் வைத்திருந்தேன்” என்பார். அல்லது வேறு மாநிலத்துப் பறவை என்பார். உரித்துச் சமைத்தபின் அது எந்த மாதத்தில் செத்தது என்று யார் சொல்வது? ஆகவே நியூயோர்க் மாநிலம் தடைக் காலத்தில் பறவையை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. குளிரூட்டிப் பாதுகாத்த காடைகளை வைத்திருந்த ஒரு வியாபாரியின் வாதத்தை அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1875இல் நிராகரித்தது. பின்னர் சில்ஸ் என்ற இறக்குமதி வியாபாரி, தம் பறவைகள் இங்கிலாந்திலும் ரஷ்யாவிலும் அந்நாட்டுச் சட்டப்படியே கொல்லப்பட்டவை என்று வாதாடினார். அப்படியிருந்தும் 1908இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வெளிநாட்டுப் பறவைக்கு வழிவிட்டால் அதன் பெயரில் உள்ளூர்ப் பறவையும் விலைபோகும் என்பதே காரணம்.

சில்சுக்கு இது கடுமையாகப் பட்டிருக்கும். எமக்கோ அத்தீர்ப்பு சரியாகவே படுகிறது. வலை வைத்தவன் கைக்கு வருவது சில்லறைக் காசு; இலாபம் விற்பவருக்கு, சுவை உண்பவருக்கு. தண்டனை மட்டும் காட்டில் நிற்கும் ஏழைக்கு என்றால் அது ஓரவஞ்சனையாகவே இருக்கும்.

1911இல் நியூயோர்க் இன்னும் ஒரு படி முன்னே போனது. பெய்ன் சட்டம் எனப்படும் சட்டத்தின் மூலம் உள்நாட்டுக் காட்டுப் பறவைகளின் விற்பனையை எல்லா மாதங்களிலும் தடுத்தது. பண்ணையில் வளர்த்த சில இனங்களுக்கு மட்டும், அடையாளச் சீட்டு கட்டப்பட்டிருந்தால், அனுமதி கிடைத்தது. இன்றும் அமெரிக்க உணவகத்தில் பரிமாறப்படும் காடை பண்ணைக் காடைதான். எமது நாட்டிலும் கூட்டில் காடை வளர்ப்போர் உள்ளனர். ஜப்பானியக் காடையின் முட்டை 17, 18 நாளில் பொரிக்கும். குஞ்சு ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும்.