கொசுவலை இருக்கு, உள்ளே படுக்க இடம் இருக்கா?

ஆப்பிரிக்க மலேரியா பத்திப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்: "இலவசமா வலை கொடுத்து என்ன பிரயோஜனம்? அவங்க அதை வெச்சு மீன் பிடிக்கிறாங்க." 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதைப் பத்தி ஒரு பெரிய கட்டுரையே போட்டது. ஏரிக்கரை ஊர்களில் இது நடப்பது உண்மைதான். ஆனால் வலை கொடுத்தும் மலேரியா ஒழியாததற்கு அதுதான் காரணமா?

நான் மென்பொருள் ஆள். எங்கள் தொழிலில் ஒரு வசதியை யாரும் பயன்படுத்தவில்லை என்றால், "யூசருக்குப் புரியலை" என்று எழுதி டிக்கெட்டை மூடுவது ரொம்ப சுலபம். லாகைத் திறந்து பார்த்தால் பாதிப் பேருக்கு அந்தப் பட்டனே திரையில் வந்திருக்காது. கொசுவலைப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது எனக்கு இந்த ஞாபகம்தான் வந்தது.

விளையாட்டு விஷயம் இல்லை இது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023ல் மட்டும் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இது நம்ம வீட்டு வலை இல்லை

நாம் கடையில் வாங்கும் வலை வெறும் தடுப்பு. மலேரியாவுக்குக் கொடுக்கும் வலையின் நூலிலேயே பூச்சிமருந்து இருக்கும், பெரும்பாலும் டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான அனோபிலிஸ் கொசுக்கள் பெரும்பாலும் ராத்திரியில், வீட்டுக்குள் வந்து கடிப்பவை. உள்ளே தூங்கும் ஆளின் வாசனைக்கு வந்து வலையில் உட்காரும் கொசு மருந்து பட்டுச் சாகும். சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு பொறி, தூங்கும் ஆள்தான் இரை. (டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், அதனால் அந்தக் கணக்கே வேறு.)

கொசு செத்தால் பக்கத்து வீட்டுக்கும் லாபம். மேற்குக் கென்யாவின் அசெம்போ பகுதியில் நடந்த ஆய்வில், வலை கொடுத்த ஊர்களிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த, வலையே இல்லாத வீடுகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது தெரிந்தது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியா நோய்கள் சுமார் 66.3 கோடி, அதில் 68 சதவீதம் இந்த வலைகளால் என்று 2015ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதாவது வலை வேலை செய்கிறது. எத்தனை பேர் அதற்குள் படுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நாலு கேள்வி, நாலு பதில்

இதை அளக்க நாடு தழுவிய வீட்டுக் கணக்கெடுப்புகள் நடக்கின்றன. கள ஊழியர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பார். எத்தனை வலை இருக்கு என்று கேட்டு, முடிந்தால் கண்ணாலும் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு வலைக்கும், "நேத்து ராத்திரி இதுக்குள்ள யார் யார் படுத்தாங்க?" என்று பெயர் பெயராகக் கேட்பார். இதிலிருந்து நாலு எண்கள் வரும்:

1. ஒரு வலையாவது இருக்கும் வீடுகள் எத்தனை சதவீதம்?
2. இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற அளவுக்குப் போதுமான வலை உள்ள வீடுகள் எத்தனை?
3. ஒரு வலையில் இரண்டு பேர் என்று வைத்தால், வலைக்குள் இடம் உள்ள மக்கள் எத்தனை சதவீதம்?
4. நேற்றிரவு உண்மையிலேயே வலைக்குள் தூங்கிய மக்கள் எத்தனை சதவீதம்?

முதல் இரண்டும் வீடுகளின் சதவீதம், அடுத்த இரண்டும் ஆட்களின் சதவீதம். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போடுவோம். 10 வீடு, வீட்டுக்கு 5 பேர், மொத்தம் 50 பேர். 3 வீட்டில் வலையே இல்லை. 2 வீட்டில் தலா ஒரு வலை. 1 வீட்டில் இரண்டு. 4 வீட்டில் மும்மூன்று.

வலை உள்ள வீடுகள்: 10க்கு 7, அதாவது 70 சதவீதம். போதுமான வலை உள்ளவை 4 மட்டுமே, 40 சதவீதம். இடம் உள்ளவர்கள்: ஒற்றை வலை வீடுகளில் 4 பேர், இரண்டு வலை வீட்டில் 4 பேர், மூன்று வலை வீடுகளில் 20 பேர். மொத்தம் 28, அதாவது 56 சதவீதம். நேற்றிரவு வலைக்குள் தூங்கியவர்கள் 25 பேர், 50 சதவீதம் என்று வைப்போம்.

அவசரமாகப் பார்ப்பவர் என்ன சொல்வார்? "வலை உள்ள வீடுகளில் 35 பேர் இருக்காங்க, 25 பேர்தான் படுத்திருக்காங்க. மீதி 10 பேருக்கு அலட்சியம்." ஆனால் அந்த 10 பேரில் 7 பேருக்கு உள்ளே இடமே கிடையாது. இடம் இருந்தும் படுக்காதவர்கள் 3 பேர்தான். ஊர் முழுக்கப் பார்த்தால், வலைக்கு வெளியே தூங்கிய 25 பேரில் 22 பேருக்கு வலை போய்ச் சேரவில்லை.

இந்த எண்களை நான் சும்மா எடுக்கவில்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு கிட்டத்தட்ட இதேதான்: ஒரு வலையாவது உள்ள வீடுகள் 70 சதவீதம், இடம் உள்ள மக்கள் 56 சதவீதம், வலைக்குள் தூங்கியவர்கள் 49 சதவீதம். 49ஐ 56ஆல் வகுத்தால் 0.875. ஒரே வலையில் மூன்று பேர் நெருக்கிப் படுப்பதும் உண்டு, அதனால் இது கறாரான பிரிப்பு இல்லை. ஆனாலும் வலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெளிவு. கிடைத்த வலையெல்லாம் ஏரிக்குப் போயிருந்தால் இந்த எண் வந்திருக்கவே முடியாது.

இலவசம்னா மதிப்பில்லையா?

"காசு கொடுத்து வாங்கினாத்தான் மதிப்பாங்க" என்பது அடுத்த வாதம். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் துபாஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் மேற்குக் கென்யாவில் இதைப் பரிசோதித்தார்கள். கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில், குலுக்கல் முறையில் சில இடங்களில் வலை இலவசம், சில இடங்களில் சிறு விலை. இலவசத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட் விலைக்கு ஏறியதும், வலையை எடுத்துக்கொண்டவர்கள் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தார்கள். இலவசமாகப் பெற்றவர்கள் குறைவாகப் பயன்படுத்தினார்களா என்றால், இல்லை. காசு வாங்கியதால் வலையின் மதிப்பு கூடவில்லை, வலை கிடைக்காதவர்கள்தான் கூடினார்கள். 2010ல் வெளியான ஆய்வு இது.

மிச்சம் இருப்பவர்கள்

இடம் இருந்தும் படுக்காதவர்கள் ஏன் படுக்கவில்லை? அடிக்கடி வரும் பதில் புழுக்கம். இன்னொன்று, மழைக்காலம் முடிந்து கொசு குறைந்ததும் வலையைச் சுருட்டி வைப்பது. ஒற்றை அறை வீட்டில் ராத்திரி கட்டிக் காலையில் அவிழ்ப்பதும் தினசரி வேலைதான். இடம் இருந்தும் பயன்பாடு குறைவாக உள்ள ஊர்களும் உண்டு. அங்கே விழிப்புணர்வுப் பிரச்சாரம் நியாயமான செலவு. ஆனால் அது எந்த ஊர் என்று சொல்வது மூன்றாவது, நான்காவது எண்கள்தான்.

வலை பத்தாத வீட்டில் அம்மாவும் கைக்குழந்தையும் உள்ளே படுப்பார்கள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்பதைப் பல நாட்டுக் கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. இந்த வயதில் கிருமி உடம்பில் இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். அவர்களைக் கடிக்கும் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

கடைசியாக ஒன்று. பெருவிநியோகம் வழக்கமாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். 20 முறை துவைத்தாலும், மூன்று ஆண்டு கட்டினாலும் தாங்கும் என்பது வலையின் வடிவமைப்பு. ஆனால் பல இடங்களில் வீட்டில் வலை தங்கும் காலம் அதைவிடக் குறைவு. கிழியும், எலி கடிக்கும், அடுப்புப் பொறி பட்டு ஓட்டை விழும். கிழிந்து போன வலையைத்தான் பலர் தோட்டத்து வேலிக்கும் கோழிக்கூண்டுக்கும் எடுக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து "வீணடிக்கிறாங்க" என்று சொல்வதற்கு முன்னால், அந்த வலைக்கு என்ன வயசு என்றும், அந்த வீட்டுக்குப் புது வலை வந்ததா என்றும் கேட்க வேண்டும்.

பழி மக்கள் மேல் விழுந்தால் பணம் போஸ்டருக்கும் கூட்டத்துக்கும் போகும். பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்தால் அதே பணம் அடுத்த லாரி வலைக்குப் போகும். இனி எங்காவது "70 சதவீத வீட்டில் வலை, பாதிப் பேர்கூடப் படுக்கலை" என்று படித்தால், நடுவில் இருக்கும் அந்த 56ஐத் தேடிப் பாருங்கள்.