டாட்ஜ்பாலும் ஏழுகல்லும்: புதியவர் ஆடக் கற்கும் முறை

டாட்ஜ்பால் என்பது இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று, ஒருவர் மேல் ஒருவர் பந்தை எறிந்தும் விலகியும் ஆடும் விளையாட்டு ஆகும். எதிரணியினர் எறிந்த பந்து நேராக வந்து உடலில் பட்டால் பட்டவர் ஆட்டமிழப்பார். அந்தப் பந்து தரையைத் தொடும் முன் அவர் அதைப் பிடித்துவிட்டால் எறிந்தவர் ஆட்டமிழப்பார். ஓர் அணியில் ஒருவரும் மிஞ்சாதபோது ஆட்டம் முடிகிறது.

தமிழ்நாட்டுச் சிறுவர்கள் ஆடும் ஏழுகல் இதற்கு நெருங்கிய உறவுடையது. பந்தால் அடிப்பது, அடியிலிருந்து விலகுவது, பந்தைக் கைமாற்றி ஆளை மடக்குவது ஆகிய மூன்றும் இரண்டிலும் உண்டு. ஆகவே ஏழுகல் ஆடி வளர்ந்தவருக்கு டாட்ஜ்பால் முற்றிலும் புதிய ஆட்டம் அன்று. அவர் புதிதாகக் கற்க வேண்டியது பெரும்பாலும் பந்தைப் பிடிப்பதும், ஆட்டமிழந்தவர் திரும்பி வரும் முறையும்தான்.

பெயர்க் குழப்பம்

தமிழில் எறிபந்து என்று வழங்குவது வேறு விளையாட்டு. அது த்ரோபால் எனப்படும் வலைப்பந்தாட்டம். இரண்டு அணிகளுக்கு நடுவே வலை இருக்கும், பந்து ஆளின் மேல் எறியப்படுவதில்லை. சென்னையில் 1920ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் இந்த எறிபந்துக்கு விதிகளை வகுத்தவராகக் குறிப்பிடப்படுகிறார். இக்குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் டாட்ஜ்பால் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

ஆடும் முறை

களம் நீள்சதுரமானது. நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கும். பெரும்பாலான போட்டிகளில் ஓர் அணிக்கு 6 பேர் களத்தில் நிற்பர். பந்துகள் நடுக்கோட்டில் வரிசையாக வைக்கப்படும். பந்தின் வகைக்கு ஏற்ப அவை 5 அல்லது 6 இருக்கும். நுரைப்பந்து, துணி உறையிட்ட பந்து, ரப்பர் பந்து என வகைகள் உண்டு. நடுவர் குரல் கொடுத்ததும் இரு அணியினரும் தத்தம் கடைக்கோட்டிலிருந்து ஓடிவந்து பந்துகளை எடுப்பர். எடுத்த பந்தை உடனே எறியக் கூடாது. முதலில் பின்னுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அதன்பின் முதன்மையான விதிகள் இவை:

- எறிந்த பந்து எதிரணியினரின் உடலில் நேராகப் பட்டால் பட்டவர் அவுட்.
- பந்து தரையிலோ சுவரிலோ பட்ட பிறகு ஆள்மேல் பட்டால் அது கணக்கில் இல்லை.
- வரும் பந்தைப் பிடித்தால் எறிந்தவர் அவுட். பிடித்தவரின் அணியில் ஏற்கெனவே ஆட்டமிழந்த ஒருவர் களத்துக்குத் திரும்புவார்.
- கையில் உள்ள பந்தைக் கேடயம்போல் நீட்டி, வரும் பந்தைத் தடுக்கலாம். தடுக்கும்போது கைப்பந்து நழுவி விழுந்தால் தடுத்தவர் அவுட்.
- நடுக்கோட்டைத் தாண்டி மிதித்தால் அவுட்.
- பந்தை எறியாமல் வைத்துக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது.

தலையில் பட்ட பந்துக்கான விதி அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். ஆட்டம் தொடங்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்கம்.

ஆட்டமிழந்தவரின் நிலை

இந்த விளையாட்டின் மீது எழுந்த பெரிய குறை, ஆட்டமிழந்தவர் ஓரத்தில் சும்மா நிற்க நேர்கிறது என்பதாகும். பயிற்சி தேவைப்படும் பலவீனமான சிறுவன்தான் முதலில் அடிபட்டு வெளியேறுவான். நன்றாக ஆடத் தெரிந்தவன் கடைசிவரை ஆடி மேலும் தேர்ச்சி பெறுவான். அமெரிக்க உடற்கல்வி இதழ் ஒன்றில் 1992ஆம் ஆண்டு நீல் வில்லியம்ஸ் என்னும் உடற்கல்வியாளர் எழுதிய கட்டுரை, பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய விளையாட்டுகளின் பட்டியலில் டாட்ஜ்பாலைச் சேர்த்தது. அந்நாட்டு உடற்கல்வி ஆசிரியர்களின் தேசிய அமைப்பும் பள்ளி வகுப்புக்கு இது ஏற்றதன்று என்றே சொல்லிவருகிறது. மனிதரையே இலக்காக வைத்து எறிவது சரியா என்ற கேள்வியும் இதனுடன் சேர்ந்து எழுந்தது.

ஆனால் ஆட்டமிழந்தவரை என்ன செய்வது என்பது விதியால் மாற்றக்கூடிய ஒன்று. தமிழ் வாசகர்களுக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கபடி. அதில் மூன்று முறைகள் உண்டு. காமினி முறையில் வெளியேறியவர் எதிரணி முழுதும் வெளியேறும்வரை அல்லது தம் அணி முழுதும் வெளியேறும்வரை திரும்ப முடியாது. அமர் முறையில் யாரும் வெளியேறுவதே இல்லை. புள்ளி மட்டும் எண்ணப்படும். சஞ்சீவனி முறையில் எதிரணியில் ஒருவர் ஆட்டமிழந்தால் தம் அணியில் ஒருவர் உயிர்பெற்று வருவார். இன்று போட்டிகளில் ஆடப்படுவது சஞ்சீவனி முறையே.

டாட்ஜ்பாலில் பந்தைப் பிடிப்பது சஞ்சீவனிக்கு நிகரானது. முதலில் வெளியேறியவர் முதலில் திரும்புவார் என்ற வரிசையும் கபடியில் உள்ளதைப் போன்றதே. ஜப்பானியப் பள்ளிகளில் பரவலாக ஆடப்படும் டாட்ஜ்பாலில் வேறொரு தீர்வு உள்ளது. அங்கே ஆட்டமிழந்தவர் எதிரணிக் களத்துக்கு வெளியே போய் நின்று, அங்கிருந்தபடி பந்தைப் பிடித்து எறிந்து தம் அணிக்கு உதவுவார். எதிரியை அடித்து வீழ்த்தினால் மீண்டும் உள்ளே வரலாம். ஆகவே அடிபட்டவரின் கையிலிருந்து பந்து பறிபோவதில்லை.

கீழ்வேளூர்ப் பகுதியில் ஏழுகல்

கீழ்வேளூர், 1991ஆம் ஆண்டு பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் உள்ள ஊர். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி இது. இங்கே விளையாட்டு இடமும் காலமும் சாகுபடியை ஒட்டியே அமைகின்றன. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும். அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரவயலில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி வாக்கில் எடுக்கப்படும். அதன்பின் காய்ந்து கிடக்கும் வயல்கள்தாம் சிறுவர்களின் மைதானம். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாளாகும். எனவே சித்திரையும் வைகாசியும் ஆட்டத்துக்கு ஏற்ற மாதங்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

ஏழுகல்லுக்கு ஏழு தட்டையான கற்கள் வேண்டும். வண்டல் மண் நிலத்தில் அத்தகைய கல் எளிதில் அகப்படாது. ஓட்டுச் சில்லும் உடைந்த செங்கல் துண்டும் போதும். பெரியது அடியிலும் சிறியது உச்சியிலுமாக அவற்றை அடுக்குவர். பந்து ரப்பர் பந்தாகவோ டென்னிஸ் பந்தாகவோ இருக்கும். துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தும் உண்டு.

ஓர் அணியினர் கோட்டில் நின்று பந்தால் அடுக்கை அடித்துச் சரிப்பர். சரிந்ததும் அவர்களே கற்களை மீண்டும் அடுக்க வேண்டும். எதிரணியினர் பந்தை எடுத்து, அடுக்க வருபவர்களை அடிப்பர். பந்தை வைத்திருப்பவர் ஓடக் கூடாது என்பது பல ஊர்களில் உள்ள விதி. பக்கத்தில் நிற்கும் தம் ஆளுக்கு அதைக் கைமாற்ற வேண்டும். ஏழும் அடுக்கி முடித்தால் அடுக்கியவர்களுக்கு வெற்றி.

டாட்ஜ்பாலுக்குத் தேவையான திறன்களில் இரண்டு இங்கேயே வந்துவிடுகின்றன. கல்லைக் கவனித்தபடியே பந்தையும் ஓரக்கண்ணால் பார்ப்பது ஒன்று. எறிபவரின் தோளசைவைக் கொண்டு பந்து வரும் திசையை முன்பே உணர்வது மற்றொன்று. ஆனால் ஏழுகல்லில் அடுக்குபவர் தம்மேல் வரும் பந்தைப் பிடிக்கப் பழகுவதில்லை, விலகவே பழகுகிறார். டாட்ஜ்பாலுக்கு வரும்போது இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உத்தி பிரித்தலும் ஒப்புக்குச் சப்பாணியும்

புதியவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதற்குத் தமிழ்க் கிராம விளையாட்டுகளில் இரண்டு பழைய ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது உத்தி பிரித்தல். இரு தலைவர்களும் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் சோடி சேர்ந்து தனியே சென்று, ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு வருவர். ஒருவர் பூ, மற்றவர் காய் என்று வைத்துக்கொண்டால், பூ வேண்டுமா காய் வேண்டுமா என்று தலைவர்களிடம் கேட்பர். தலைவர் ஒன்றைச் சொல்ல, அப்பெயருக்கு உரியவர் அந்த அணிக்குப் போவார். அணிகள் சமமாகின்றன. அதைவிட முக்கியமாக, யாருக்கும் வேண்டாதவனாகக் கடைசியில் ஒருவன் தனித்து நிற்கும் நிலை வருவதில்லை.

இரண்டாவது ஒப்புக்குச் சப்பாணி. மிகச் சிறியவர்களும் ஆடத் தெரியாதவர்களும் எந்த அணியிலாவது சேர்ந்து ஓடலாம். அவர்கள் அடிபட்டாலும் அவுட் இல்லை. பேச்சில் உப்புக்குச் சப்பாணி என்று திரிந்து, ஒன்றுக்கும் உதவாதவர் என்ற கேலிப் பொருளிலும் இது வழங்குகிறது. ஆயினும் விளையாட்டில் இதன் பயன் பெரிது. சிறுவன் ஓரத்தில் நிற்பதில்லை. ஆட்டத்தின் உள்ளேயே இருந்து, தவறு செய்தாலும் வெளியேறாமல், பார்த்தும் ஓடியும் கற்றுக்கொள்கிறான். ஒருநாள் அவனுக்கும் சோடி கிடைத்து உத்தியில் சேர்க்கப்படுவான்.

லீக்கில் சேர்தல்

பெரியவர்கள் பொழுதுபோக்காக ஆடும் டாட்ஜ்பால் லீக்குகள் வட அமெரிக்கா, பிரிட்டன் முதலிய இடங்களின் நகரங்களில் நடக்கின்றன. 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம் இந்த விளையாட்டின் மீது பெரியவர்களுக்கும் ஆர்வத்தைக் கூட்டியது. அங்கே குடியேறிய தமிழர்களும் பணியிட நண்பர்கள் வழியாக இவற்றில் சேரலாம்.

லீக் பெரும்பாலும் வாரம் ஒரு மாலை, சில வாரங்கள் தொடர்ந்து நடக்கும். நண்பர்கள் சேர்ந்து ஓர் அணியாகப் பதியலாம். தனியாளாகப் பதிந்தால் ஆள் குறைந்த அணியில் சேர்த்துவிடுவர். ஆண் பெண் கலந்து ஆடும் பிரிவுகள் உண்டு. சேரும் முன் மூன்றைக் கேட்டறிவது நல்லது. எந்த வகைப் பந்து? எந்தத் தரத்தினருக்கான பிரிவு? ஒரு மாலையில் எத்தனை ஆட்டங்கள்? புதியவருக்கு நுரைப்பந்தும் தொடக்கநிலைப் பிரிவும் பொருந்தும். ஆட்டங்கள் குறுகியவையாகவும் பலவாகவும் இருந்தால், ஓர் ஆட்டத்தில் விரைவில் வெளியேறினாலும் அடுத்ததில் மீண்டும் ஆட வாய்ப்புக் கிடைக்கும்.

பொழுதுபோக்கு லீக்குகளில் எல்லா அடியையும் நடுவர் பார்த்துவிட முடியாது. பந்து பட்டதைப் பட்டவரே ஒப்புக்கொண்டு வெளியேறுவது மரபு. உடையின் நுனியில் பட்டாலும் வெளியேறுபவரைப் பிற அணியினரும் மதிப்பர். மறைப்பவர் நன்றாக ஆடினாலும் அவரை அடுத்த முறை சேர்த்துக்கொள்ளத் தயங்குவர்.

புதியவர் கற்க வேண்டியவை

புதியவர் பலரும் வேகமாக எறிவதுதான் ஆட்டம் என்று எண்ணுகின்றனர். கற்கும் வரிசை அதற்கு நேர்மாறானது.

விலகுதல்: முழங்காலைச் சற்று மடக்கி, முன்பாதத்தில் எடையை வைத்து நிற்க வேண்டும். களத்தின் பின்பகுதியில் நின்றால் பந்தைப் பார்க்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். எறிபவருக்கு முதுகைக் காட்டக் கூடாது. தரையில் கிடக்கும் பந்தை எடுக்கக் குனியும்போதும் கண் எதிரணி மேலேயே இருக்க வேண்டும்.

பிடித்தல்: விரல் நுனியால் பிடிக்க முயன்றால் நுரைப்பந்து தெறித்துவிடும். இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்துப் பிடிப்பதே பாதுகாப்பானது. ஒரு பிடி ஆட்டத்தை எவ்வளவு மாற்றும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அணியில் 3 பேரும் எதிரணியில் 5 பேரும் இருக்கும்போது, 3 பேரில் ஒருவர் பந்தைப் பிடித்தால் எதிரணி 4 ஆகும். வெளியில் இருந்த ஒருவர் திரும்பி வருவதால் இவர்களும் 4 ஆவர். ஓர் அடி எதிரணியில் ஒருவரை மட்டுமே குறைக்கும். பிடியோ ஒருவரைக் குறைத்து ஒருவரைக் கூட்டுகிறது.

எறிதல்: மார்பு உயரத்துக்கு வரும் பந்து எளிதில் பிடிபடும். இடுப்புக்குக் கீழே, தொடையையும் காலையும் நோக்கி எறிவதே முறை. எறிந்த கையோடு நின்றுவிடாமல் உடனே பின்வாங்க வேண்டும். எறிந்து முடித்தவர் நிலைதடுமாறும் அந்த நொடியைத்தான் எதிரணி எதிர்பார்த்திருக்கும்.

சேர்ந்து எறிதல்: தனியாக எறியும் ஒரு பந்தைப் பிடிப்பதும் விலகுவதும் எளிது. இருவர் மூவர் ஒரே குரலுக்கு ஒரே ஆளை நோக்கி எறிந்தால் தப்புவது கடினம். வேகமாக எறிய முடியாத புதியவரும் இதில் அணிக்கு முழுப் பயன் தருவார்.

பாதுகாப்பு

ஆட்டத்துக்கு முன் தோளையும் மணிக்கட்டையும் அசைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாமல் முதல் நாளே முழு வேகத்தில் எறிந்தால் தோள் வலி வரும். தொடக்க ஓட்டத்தில் நடுக்கோட்டில் இருவர் மோதிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பந்து கைக்கு எட்டாது என்று தெரிந்தால் விட்டுவிடுவதே நல்லது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் விளையாட்டுக்கு உரிய கண்காப்பு அணியலாம். சிறுவர்களுக்கு நுரைப்பந்தோ துணிப்பந்தோ தவிர வேறு கூடாது.

ஊரில் ஆடிப் பார்க்க

வயலில் ஏழுகல் ஆடும் சிறுவர்கள் டாட்ஜ்பாலை ஆட விரும்பினால் பெரிய செலவு இல்லை. சாம்பலாலோ சுண்ணாம்பாலோ நீள்சதுரமும் நடுக்கோடும் போட்டு, ஐந்தாறு துணிப்பந்துகள் கட்டினால் போதும். உத்தி பிரித்து அணி சேர்க்கலாம். சின்னவர்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்கலாம். ஆட்டமிழந்தவர்களை ஜப்பானிய முறையில் எதிரணிக் களத்தின் பின்னே நிறுத்தலாம். அப்படி ஆடும்போது, முதலில் அடிபட்ட சிறுவனுக்கும் அந்த மாலை முழுவதும் பந்தைத் தொட வாய்ப்பு இருக்கும்.