ஆலமரத்தடியும் ரச்சபண்டவும்: இணையத்தள வடிவமைப்புப் பாங்குகளின் பெயர்கள்

ஒரே வகையான சிக்கல் வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் எழும்போது, அதற்குரிய தீர்வின் சாரத்தைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டு வைத்துக்கொண்டால் அதனைப் பலமுறை பயன்படுத்த இயலும். இவ்வாறு பெயர்பெற்ற தீர்வை வடிவமைப்புப் பாங்கு எனலாம். கட்டடக் கலைஞர் கிறிஸ்டஃபர் அலெக்சாண்டரும் அவர்தம் குழுவினரும் 1977இல் வெளியிட்ட நூலில் இத்தகைய 253 பாங்குகள் தொகுக்கப்பட்டுள்ளன. அத்தொகுப்பை அவர்கள் ஒரு 'மொழி' என்றே அழைத்தமை மொழியியலார் கருதத்தக்கது. பெயர் இல்லையேல் பாங்கு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறுவதில்லை.

இக்கருத்தைக் கணினி நிரலாக்கத்திற்குக் கொணர்ந்தோருள் ஒருவரான வார்டு கன்னிங்காம், நிரலர்கள் தாம் கண்ட பாங்குகளைக் கூடி எழுதுவதற்கென 1995இல் முதல் விக்கித் தளத்தை அமைத்தார். பாங்குகளைச் சேமிக்க எழுந்த களஞ்சியமே பின்னர் இணையக் குழுமங்களுக்குரிய ஒரு பாங்காகியது. 2001இல் ஆங்கில விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ், தெலுங்கு விக்கிப்பீடியாக்களும் தோன்றின. ஒரு மொழியில் பெயர்பெற்ற பாங்கு வேறு மொழிக்குச் செல்லும்போது அப்பெயர் என்னாகிறது என்பதை ஆராய இவை தக்க சான்றுகளாகும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் பங்களிப்போர் பொதுச்செய்திகளைப் பேசும் பக்கத்திற்கு 'ஊர்க் குழாயடி' எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. நீரெடுக்க வருவோர் நின்று பேசும் இடம் என்பது கருத்து. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் விளைவு வேறாகியிருக்கும். தமிழில் குழாயடி என்றதும் நினைவுக்கு வருவது சண்டையே. தமிழில் வழங்கும் பெயர் 'ஆலமரத்தடி'. தெலுங்கில் 'ரச்சபண்ட', கன்னடத்தில் 'அரளிகட்டெ', இந்தியில் 'சௌபால்', மலையாளத்தில் 'பஞ்சாயத்து' என வழங்குகின்றன. தமிழ் மரத்தையும் அதன் நிழலையும் சுட்டுகிறது. தெலுங்கு அமரும் கற்பாறையைச் சுட்டுகிறது. அரசமரமும் மேடையும் ஒருங்கே கன்னடப் பெயரில் இடம்பெறுகின்றன. மலையாளம் இடத்தை விடுத்து அமைப்பைப் பெயராக்கியதால், உரையாடலைக் காட்டிலும் தீர்ப்பு என்னும் பொருளே அங்கு முந்துகிறது.

தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், குப்பம், நகரி, சத்தியவேடு ஆகிய பகுதிகளில் ஓர் ஊரின் ஒரே மரத்தடி மேடைக்கு இவ்விரு பெயர்களும் பொருந்தும். எனினும் அவற்றின் பொருட்சாயல் ஒன்றன்று. ரச்சபண்ட என்பது ஊரார் முறையிடும் இடம் என்னும் பொருளையும் சுமந்து வருகிறது. ஆந்திர முதலமைச்சர் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி மக்கள் குறைகேட்கும் நிகழ்ச்சிக்கு இட்ட பெயரும் அதுவே. அதனைத் தொடங்கச் சித்தூர் மாவட்டத்திற்குப் புறப்பட்ட வழியில்தான் 2009 செப்டம்பர் 2 அன்று அவர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

இங்கு ஒன்றைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. குழாயடி பெரும்பாலும் பெண்கள் கூடும் இடம். ஆலமரத்தடியோ ஆண்கள், அவருள்ளும் மூத்தோர், அவருள்ளும் சில சாதியினர் அமர்ந்த இடம். எல்லோரும் எழுதலாம் என்னும் பாங்கிற்கு இப்பெயர் அழகாக அமைந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேடையில் யார் அமரலாம் என்ற பழைய நினைவும் அப்பெயருடன் உடன்வருகிறது.

புதியவர் எழுதிப் பழகும் பக்கத்திற்குத் தமிழில் 'மணல்தொட்டி' என்று பெயர். இது நேர்மொழிபெயர்ப்பு. மேலைநாட்டுக் குழந்தைகள் விளையாடும் தொட்டியை அறியாதார்க்கு இச்சொல் கட்டுமானப் பணியையே நினைவூட்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய மரபு நமக்கு உண்டு. 'தொட்டி' சேர்ந்ததால் அந்நினைவு எழாமற் போயிற்று. மலையாளத்தின் 'எழுத்துகளரி' இவ்வகையில் மேம்பட்டது.

பல பக்கங்களில் ஒரே அமைப்பில் இடம்பெறும் கூறு 'வார்ப்புரு' எனப்படுகிறது. மாறாப் பகுதி நிலைத்து நிற்க, மாறும் பகுதி வெற்றிடமாக விடப்பட்டு அவ்வப்போது நிரப்பப்படும். இப்பாங்கு தமிழ் எழுத்து மரபிற்குப் புதிதன்று. அன்றைய சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் திருமலை-திருப்பதிக் கல்வெட்டுகளை 1931 முதல் தேவஸ்தானம் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலன தமிழிலேயே அமைந்தவை. விசயநகரக் காலத்துக் கொடை ஆவணங்களை வரிசையாகப் படிப்போர்க்கு ஒரே வார்ப்பு புலப்படும். சக ஆண்டு, மாதம், நாள், நட்சத்திரம், ஆவணம் அளிக்கும் ஸ்தானத்தார், கொடையாளர், பண்டாரத்தில் செலுத்திய பணம், அப்பணத்தால் நடக்கவேண்டிய படையல், படைத்த உணவில் கொடையாளர்க்குரிய நாலில் ஒரு பங்கான 'விட்டவன் விழுக்காடு', சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்னும் கால எல்லை, இறுதியில் கோயில் கணக்கரின் கையெழுத்து. பெயரும் தொகையும் மாறும், அமைப்பு மாறாது. 1513இல் கிருஷ்ணதேவராயர் அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டமை, ஒரே பாங்கு மொழிதோறும் நிரப்பப்பட்டதற்குச் சான்றாகும்.

கல்வெட்டுத் தமிழின் வினைமுடிபு இன்றைய இடைமுகத் தமிழுக்கு ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. 'கடவோம்' எனின் கடமை எழுதியவருடையது. 'கடவர்' எனின் பிறருடையது. 'கடவது' எனின் செயலே முன்னிற்கிறது. யார் யாருக்குச் சொல்வது என்பது ஈற்றிலேயே விளங்கும். இன்றைய இணையத்தளங்களில் 'தேடு', 'தேடுக', 'தேடவும்' ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் கலந்து வருவதைக் காண்கிறோம். ஆங்கில ஏவலில் ஒருமை பன்மையோ மரியாதையோ குறிக்கப்பெறுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் கையில் திரையின்றிச் சொற்பட்டியல் மட்டும் தரப்படுவதால் இக்குழப்பம் நேர்கிறது. பொத்தான் என்பது பயன்படுத்துவோர் பொறிக்கு இடும் கட்டளை. அங்குத் 'தேடு', 'சேமி' என்னும் வெற்று ஏவல் பொருந்தும், மரியாதைக் குறைவும் ஆகாது. தளம் பயன்படுத்துவோரை நோக்கிக் கூறும் இடத்தில், எடுத்துக்காட்டாகத் தரிசன முன்பதிவுப் படிவத்தில் பெயர் கேட்குமிடத்தில், 'பெயரை எழுதவும்' என்பதே ஏற்புடையது. சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே சொல்பவர் யார், கேட்பவர் யார் என இரு கட்டங்கள் சேர்த்தால் இவ்வேறுபாட்டை முன்கூட்டியே குறித்துவிடலாம்.