தோட்டத்து மாணவரும் பல்கலைக்கழகப் புவியியலும்: கெடாவை முன்வைத்து

“புவியியல் படித்தால் ஆசிரியர் வேலைதானே கிடைக்கும்?” கெடாவின் தோட்டப்புறங்களிலிருந்து ஆறாம் படிவத்திற்கு வரும் மாணவரிடம் பெற்றோர் இயல்பாகக் கேட்கும் வினா இது. தலைநகரங்களையும் விளைபொருள்களையும் மனனம் செய்யும் பாடமாகவே பள்ளியில் அதனை அறிந்தவர்கள் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. பல்கலைக்கழகப் புவியியலோ, ஒன்று எங்குள்ளது என்பதோடு நில்லாமல், அது ஏன் அங்குள்ளது, எவ்வாறு மாறி வருகிறது என்பதனையும் ஆராய்வதாகும்.

நாம் நன்கறிந்த இரு நூல்கள் இதற்குச் சான்றாகும். மலாயா இந்தியரின் வருகையையும் குடியேற்றத்தையும் விரிவாக ஆராய்ந்து 1969இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட கெர்னியல் சிங் சந்து ஒரு புவியியலாளர். சீன, அரபு, இந்திய மூலங்களைக் கொண்டு கி.பி. 1500க்கு முந்திய மலாய்த் தீபகற்பத்தின் வரலாற்றுப் புவியியலை 1961இல் நூலாக்கிய பால் வீட்லியும் அத்துறையினரே. கடாரம் பற்றி எழுதும் நாம் பல வேளைகளில் இவர்களை வரலாற்றாசிரியர்கள் என்றே கருதிவிடுகிறோம்.

கெடாவே புவியியல் மாணவருக்கு ஓர் ஆய்வுக்களம் எனலாம். சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கப்பெற்றது. ஒரு தோட்டம் நகராகும்போது லயங்களும் பிரட்டுக் களமும் முதலில் மறைகின்றன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடுகாடும் எஞ்சி நிற்க, அந்நிலம் யாருடையது, எப்பயன்பாட்டிற்கு ஒதுக்கப்பட்டது என்னும் வினா காலங்கடந்தே எழுகிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. குறிப்பிட்ட காலத்திற்குள் மறுப்புத் தெரிவிக்கவும் இடமுண்டு. குடியிருப்பு நிலமென வண்ணம் தீட்டப்பட்ட பகுதிக்குள் ஓர் இடுகாடு அடங்கியிருப்பதைக் கண்டுகொள்ள, நிலப்படத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருத்தல் வேண்டும். பெரும்பாலும் அத்தகையோர் இருப்பதில்லை.

இயற்கைப் புவியியலின் தேவையையும் இம்மாநிலம் உணர்த்தியுள்ளது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவைத் தாக்கியது. 2021 ஆகஸ்டு 18இல் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளில் உயிர்ச்சேதம் விளைவித்தது. 2022 ஜூலையில் பாலிங் வட்டாரத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. மழையளவு, சரிவு, காடழிப்பு, ஆற்றோரக் குடியிருப்பு ஆகியவற்றை ஒருசேர ஆராயும் பயிற்சி புவியியலில் கிடைக்கிறது.

இனி, வேலைவாய்ப்பு. ஆசிரியப் பணி முதன்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கப்பால், நில அளவை வரைபடத் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, ஊராட்சி மன்றங்கள் முதலியவற்றில் புவியியல் தகவல் முறைமை அறிந்தோர்க்கு இடமுண்டு. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் வரையறுத்த திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாதலால், ஆலோசனை நிறுவனங்களுக்கும் இவர்களின் பணி தேவைப்படுகிறது. தோட்ட நிறுவனங்களும் இன்று செயற்கைக்கோள் படங்களையும் ஆளில்லா விமானங்களையும் கொண்டு செம்பனையைக் கண்காணிக்கின்றன. ஆயினும் ஒன்றை மாணவரிடம் மறைத்தல் கூடாது: புவியியல் பட்டம் மட்டும் பெற்றவர் நகரத் திட்டமிடுநராகப் பதிவு பெற இயலாது, அதற்கு அங்கீகரிக்கப்பட்ட தனிப் பட்டம் வேண்டும். கணிதத்திற்கு அஞ்சிப் புவியியலுக்கு வருவதும் தவறான கணக்கே. புள்ளியியலும் கணினியும் இன்றி இத்துறையில் முன்னேறுவது அரிது.

மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், கெடாவிற்கு அண்மையில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புவியியல் பயிலலாம். தமிழாசிரியர் இதற்கான தொடக்கத்தை வகுப்பறையிலேயே செய்யவியலும். மறைந்த தோட்டமொன்றின் லயங்கள், கிணறு, ஆலை, கோயில், இடுகாடு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு மாணவர் ஒரு நிலப்படம் வரையட்டும். பின் அதனை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்திப் பார்க்கட்டும்.