உங்களுக்குத் தெரியுமா? கருவுக்கு அரசியல் சட்டம் போட்ட பூட்டு

தாயின் உயிருக்கும் வயிற்றிலுள்ள கருவின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு அயர்லாந்து. 1983 பொதுவாக்கெடுப்பில் 66.9 சதவீதம் பேர் ஆதரிக்க, எட்டாவது திருத்தம் வந்தது. இத்தனைக்கும் 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்பு அங்கே அப்போதே குற்றமாகத்தான் இருந்தது. பின்னாளில் நீதிமன்றமோ நாடாளுமன்றமோ தளர்த்திவிடக் கூடாதென்று போட்ட இரண்டாவது பூட்டு இது.

1992-இல் சிக்கல் வெடித்தது. வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி, கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போகக் கூடாதென உயர் நீதிமன்றம் தடுத்தது. அவள் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் இருப்பதைக் கருதி உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அதே ஆண்டு இன்னொரு வாக்கெடுப்பில், வெளிநாடு செல்லும் உரிமை சட்டத்தில் சேர்ந்தது. உள்ளூரில் குற்றம், கப்பலேறினால் உரிமை!

2012-இல் கால்வே நகர மருத்துவமனையில், கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனாவருக்குக் கருச்சிதைவு தொடங்கியிருந்தது. கருக்கலைப்புச் செய்யும்படி கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்துவிட்டார்கள், கிருமித்தொற்றில் இறந்துபோனார்.

2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். நீக்க வேண்டாம் என்ற ஒரே தொகுதி, டொனிகால்.